அம்மாவின் மலரில் இடியப்பத்தை எழுதலாமா?

கேள்வி:

ஐயா, எங்கள் அம்மா ஆறு மாதத்துக்கு முன் 79 வயதில் மோசம் போய்விட்டா. முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்க நினைத்தோம். சகோதரங்கள் ஒத்துவராமல் அடிக்காமலே விட்டுவிட்டோம். இனி முதல் வருட ஆட்டைத் திவசத்துக்காவது அடிக்க வேண்டும். எழுதும் பொறுப்பு என்னிடம்.

அம்மா புங்குடுதீவு. கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்தவ. அப்பாவுக்குப் புறக்கோட்டையில் பங்குக்கு ஒரு பலசரக்குக் கடை. 83 ஜூலைக் கலவரத்தில் அது எரிந்தது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் இருந்துவிட்டு, கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய் ஊர் சேர்ந்தோம். அடுத்த வருடம் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அம்மாவுக்கு அப்போது 38 வயது, நாங்கள் நாலு பிள்ளைகள். 86இல் எங்களைக் கூட்டிக்கொண்டு திரும்ப வெள்ளவத்தைக்கு வந்து, ஒரு அறை எடுத்து, இடியப்பம் அவித்துக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் கொடுத்தா. 2012 வரைக்கும் அவித்தா. அதில்தான் நாங்கள் படித்தோம்.

ரொறன்ரோவில் இருக்கும் சின்னண்ணா இடியப்பத்தை எழுத வேண்டாம் என்கிறார். 'சுயதொழில் செய்து' என்று போட்டால் காணுமாம். பெரியண்ணா 2007இல் ஒரு பின்னேரம் வெளியே போனவர்தான், இன்றுவரை தகவல் இல்லை. அதையும் தொட வேண்டாமாம். அதற்குப் பிறகு அம்மா ஒரு வருடம் போலக் கோயிலுக்குப் போகவில்லை, சாமி அறையைத் திறக்கவும் இல்லை. ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனா. சைவக் குடும்பத்து மலரில் அது வரக்கூடாது என்று லண்டன் தம்பி நிற்கிறான். இதையெல்லாம் எடுத்துவிட்டால் அம்மாவைப் பற்றி எழுத என்ன மிச்சம்? அம்மாவின் கணக்குக் கொப்பியில் ஆறு பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன். எப்படி எழுதலாம் என்று சொல்லுங்கள்.

வெள்ளவத்தை வாசகி

பதில்:

தங்கச்சி, மிச்சம் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். அச்சகக் கணினியில் அது ஒரு கோப்பாகவே கிடக்கிறது. அன்பின் உறைவிடம், பண்பின் சிகரம், விருந்தோம்பலில் சிறந்தவர், இறைபக்தி மிக்கவர், பெற்ற பிள்ளைகளைச் சான்றோர் ஆக்கியவர். பெயரையும் ஊரையும் மாற்றினால் வேலை முடிந்தது. முப்பது வருடத்துக்கு மேலாகக் கொழும்பில் நினைவு மலர்களைத் தொகுத்தும் பிழை திருத்தியும் கொடுக்கிறவன் நான். அந்தக் கோப்பை எத்தனை தரம் திறந்தேன் என்பதற்குக் கணக்கில்லை.

அதில் ஒரு தரம் என் சொந்த அம்மாவுக்காகத் திறந்தேன். அது 1998. செத்தவீட்டுக் களைப்பு, ஐயர் எழுதித் தந்த சாமான் பட்டியல், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குப் படுக்க இடம், இதற்கு நடுவில் ஒரே இரவில் எட்டுப் பக்கம் எழுதினேன். நல்லாயிருக்கு என்று எல்லாரும் சொன்னார்கள். பத்து வருடம் கழித்து என் மகள் அதை எடுத்து வாசித்துவிட்டு, "அப்பா, அப்பம்மா வெத்திலை போடுவாவா?" என்று கேட்டாள். போடுவா. பாக்குவெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிவா. கோபம் வந்தால் அதை எடுத்து மேசையில் டக்கென்று வைப்பா, வீடு அடங்கிவிடும். அந்த எட்டுப் பக்கத்தில் பாக்குவெட்டி எங்கேயும் இல்லை. பேத்திக்கு இனி அதை நான் வாயால் சொன்னால்தான் உண்டு.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்: இடியப்பத்தை எழுதுங்கள். அதிலிருந்தே தொடங்குங்கள்.

(கடிதம் கிடைத்ததும் போனில் ஒரு மணித்தியாலம் பேசினோம் அல்லவா, அதில் நீங்கள் சொன்னவற்றையும் உங்கள் அனுமதியோடு சேர்த்தே எழுதுகிறேன்.)

சின்னண்ணாவை நான் குறை சொல்ல மாட்டேன். 86இல் அவருக்கு 14 வயது. விடியக் காலையில் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்தது அவர்தான் என்று சொன்னீர்கள். கொடுத்துவிட்டு வந்து சட்டை மாற்றிக்கொண்டு போன அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் அந்த வீட்டுப் பிள்ளைகளும் வந்திருப்பார்கள். அந்த வயதுப் பையனுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று யோசியுங்கள். 'சுயதொழில்' என்பது வங்கிக் கடன் படிவத்தில் நிரப்புகிற சொல். அவர் கேட்பது அந்தச் சொல்லை அல்ல, அந்தச் சைக்கிளை யாரும் பார்க்கக்கூடாது என்றுதான். அவரோடு வாதாடாதீர்கள். "அண்ணா, சைக்கிளைப் பற்றி நீங்களே ஒரு அரைப் பக்கம் எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். எழுதினால் அதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அவர் பெயரோடு போடுங்கள். எழுதவில்லை என்றால் சைக்கிளை விட்டுவிடுங்கள், அது அவருடையது. இடியப்பம் அம்மாவுடையது, அதை விடாதீர்கள்.

எழுதும்போது தொழிலைத் தொழிலாக எழுதுங்கள். 'கடினமாக உழைத்தார்' என்றால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. மா எது? சிவப்பரிசி மாவா, வெள்ளை மாவா, கோதுமை மாவை அவித்து அரித்துக் கலப்பாவா? கொதிதண்ணீர் விட்டுக் குழைக்கிறபோது அகப்பைக் காம்பால் கிளறுவாவா, கையாலேயே இறங்குவாவா? இடியப்ப உரலைப் பிழிந்த கை எது? கடைசிக் காலத்தில் வலது கையால் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் இடது கையால் குடித்தா என்றீர்களே, அது உரல் பிழிந்ததால் வந்ததா? டொக்டர் என்ன சொன்னார்? இவற்றில் உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். தெரியாததை அழகுக்காக நிரப்பவேண்டாம்.

1994ஆம் ஆண்டுக் கொப்பிப் பக்கத்தில் 'கடை 120, வீடு 65' என்று இருக்கிறது. எனக்குக் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு நாளைக்கு 185, வருடத்தில் 300 நாள் என்று வைத்தாலும், 26 வருடத்தில் 14 இலட்சத்துக்கு மேல் வருகிறது. ஆனால் இதை மலரில் போடாதீர்கள். எல்லா நாளும் 185 அவித்தா என்று நமக்குத் தெரியாது. பெரிய தொகையைக் கண்டால் வாசிக்கிறவர்கள் 'ஆ' என்பார்கள், அதோடு மறந்துவிடுவார்கள். 1994இல் அந்த ஒரு நாளில் 185 இடியப்பம், அதுவும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பில், நாலு பிள்ளைகள் படுத்திருந்த அதே அறையில். இது போதும்.

உங்களிடம் கேட்டறிந்ததை வைத்து நானே ஒரு பந்தி எழுதிப் பார்த்தேன். உங்கள் கையில் இது இன்னும் நன்றாக வரும்:

"அம்மா விடிய மூன்றரைக்கு எழும்புவா. லைட் போட மாட்டா, நாங்கள் எழும்பிவிடுவோம் என்று. அடுப்பு வெளிச்சத்தில்தான் மாக் குழைப்பா. நான் போர்வைக்குள் இருந்து உரல் கிரீச்சிடுகிற சத்தத்தை எண்ணுவேன். பத்துத் தட்டு முடிந்ததும் மூடியைத் திறப்பா, அறை முழுக்க ஆவி வரும். உடைந்துபோன இடியப்பங்களைத் தனியாக ஒரு கிண்ணத்தில் போடுவா. அதுதான் எங்கள் காலைச் சாப்பாடு. முழு இடியப்பம் விற்கிறதற்கு. எனக்குக் கலியாணமாகி மாமி வீட்டில் முதல் நாள் தட்டில் முழு இடியப்பம் வைத்தபோது கை வைக்கத் தயங்கினேன்."

இதில் 'தியாகம்' என்ற சொல் இல்லை. தேவையும் இல்லை. எல்லா மலரிலும் பட்டினத்தார் தம் தாய்க்குக் கொள்ளி வைக்கும்போது பாடிய பாட்டைப் போடுகிறோம், கேட்டால் இப்போதும் கண் கலங்குகிறது. அதில் சிகரமும் உறைவிடமும் எங்கே இருக்கிறது? தொட்டில், தோள், மார்பு, வாய்க்கரிசி, விறகு. அவ்வளவுதான்.

இன்னொன்று. 'அன்னார்' என்று எழுதாதீர்கள். உங்கள் அம்மாவை நீங்கள் ஒரு நாளும் அன்னார் என்று கூப்பிட்டதில்லை. அறிவித்தலில் வரட்டும், வாழ்க்கைக் கதையில் 'அம்மா' என்றே வரட்டும்.

சரி, பெரியண்ணாவுக்கு வருகிறேன்.

நம்முடைய மரண அறிவித்தல் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மனைவியும், இன்னார் (கனடா), இன்னார் (கொழும்பு), இன்னார் (லண்டன்) ஆகியோரின் பாசமிகு தாயாரும் என்று போகும். நாம் நாலா திசைக்கும் சிதறிய பிறகு வந்த வழக்கம் அந்த அடைப்புக்குறி. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு நாடு. உங்கள் பெரியண்ணாவுக்கு எதைப் போடுவது? 'காலஞ்சென்ற' என்று போட முடியாது. அப்படிப் போட அம்மா ஒரு நாளும் சம்மதித்திருக்க மாட்டார். பெயரையே விட்டுவிட்டால் அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள் என்று ஆகிவிடும். இந்தக் கேள்வியோடு இதற்கு முன்னும் குடும்பங்கள் என்னிடம் வந்திருக்கின்றன. நான் சொல்வது ஒன்றுதான்: பிறந்த வரிசைப்படி முதலில் அவர் பெயரைப் போடுங்கள். முன்னால் எந்த அடைமொழியும் வேண்டாம், பின்னால் எந்த அடைப்புக்குறியும் வேண்டாம். விளங்குகிறவர்களுக்கு விளங்கும்.

கதைக்குள் எழுதும்போது உங்களுக்கு நேரடியாகத் தெரிந்ததை எழுதுங்கள். என்ன திகதி, எத்தனை மணி, என்ன சட்டை, போகும்போது என்ன சொல்லிவிட்டுப் போனார். யார் கொண்டுபோனார்கள், ஏன் என்று கேள்விப்பட்டதை எழுதாதீர்கள். பயத்துக்காகச் சொல்லவில்லை. கேள்விப்பட்டது பொய்யாக இருந்தால், தெரிந்த உண்மையையும் அது கெடுத்துவிடும்.

அம்மா பிறகு செய்தது என்ன என்பதையும் எழுதுங்கள். ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, அடையாள அட்டைப் பிரதி, பெரியண்ணாவின் ஒரு பாஸ்போர்ட் படம். அதைக் கொண்டு 2010இல் நியமித்த நல்லிணக்க ஆணைக்குழுவுக்குப் போனார். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்து 2018இல் வேலை தொடங்கிய காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் போனார். ஒவ்வொரு இடத்திலும் அதே கதையை முதலிலிருந்து சொன்னார். ஒவ்வொரு தரமும் போட்டோப் பிரதி எடுக்கும்போது மூலப் படத்தைக் கடைக்காரரின் கையில் கொடுக்காமல் தானே கண்ணாடியில் வைத்து எடுத்தார் என்று சொன்னீர்கள். 'மனவுறுதி மிக்கவர்' என்று ஒரு வரி எழுத நினைத்திருந்தால் அதை வெட்டிவிட்டு இந்தப் போட்டோப் பிரதிக் கடையை எழுதுங்கள்.

அந்தோனியார் விஷயத்தில் தம்பிக்கு நான் ஒரு வார்த்தை சொல்லலாமா? கொச்சிக்கடையில் ஒரு செவ்வாய்க்கிழமை போய் நின்று பார்க்கச் சொல்லுங்கள். விபூதிக் குறியோடு வந்து மெழுகுதிரி ஏற்றிவிட்டுப் போகிறவர்களை அங்கே எப்போதும் காணலாம். சிங்களவர், தமிழர், பறங்கியர் எல்லாரும் வருகிற இடம். அங்கே போய் மெழுகுதிரி ஏற்றியதால் யாரும் கிறிஸ்தவ வேதக்காரர் ஆகிவிடவில்லை. அதைவிட முக்கியம், காணாமற் போனதைத் தேடித் தருகிறவர் என்றுதான் அந்தோனியாரிடம் போகிறார்கள். தொலைந்த சாவிக்கும் மோதிரத்துக்கும் நேர்த்தி வைப்பார்கள். உங்கள் அம்மா என்னத்துக்குப் போனார் என்று தம்பிக்கு விளக்க வேண்டுமா?

வெள்ளவத்தையில் 100ஆம் இலக்கமோ 101ஓ ஏறிப் புறக்கோட்டையில் இறங்குவார். நோகிற முழங்காலோடு அங்கிருந்து கொச்சிக்கடைக்கு நடப்பார். புறக்கோட்டையில்தான் அப்பாவின் கடை இருந்தது. அந்தத் தெருவால் போவாரா, சுற்றிப் போவாரா? கூடப் போன யாராவது இருந்தால் கேளுங்கள்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று அந்தக் கோயிலில் குண்டு வெடித்தது. அம்மா செவ்வாய்க்காரி என்பதால் அன்று வீட்டில். ஜூனில் கோயிலைத் திரும்பத் திறந்த பின் வந்த முதல் செவ்வாய்க்கே போனார் என்றீர்கள். வாசலில் பையைச் சோதித்த சிப்பாய் பிளாஸ்டிக் கவரைப் பார்த்து, இது என்ன என்று கேட்டிருக்கிறான். அம்மா தனக்குத் தெரிந்த அரைச் சிங்களத்தில், "மகே புத்தா" (என் மகன்) என்று சொல்லிப் படத்தை எடுத்துக் காட்டினார். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கவரைத் திரும்ப மடித்துப் பைக்குள் வைத்தான். தங்கச்சி, இதை எழுதாமல் வேறு எதை எழுதப் போகிறீர்கள்?

தம்பிக்கு இன்னும் சமாதானம் வரவில்லை என்றால், ஒரு வருடம் கோயிலுக்குப் போகாததை எழுதுவதா என்று கேட்டால், சுந்தரரை நினைவுபடுத்துங்கள். கண் பறிபோனதற்காகச் சிவனையே நேருக்கு நேர் ஏசியவர் அவர். திருவாரூரில் நின்று, நீங்களாவது நல்லாயிருந்துகொள்ளுங்கள் என்கிற தோரணையில் ஒரு பதிகமே பாடிவிட்டார். அதற்காக அவரைச் சைவத்திலிருந்து யாரும் தள்ளவில்லை. வன்றொண்டர் என்றே சொல்லிக் கோயில் கோயிலாக நிறுத்தியிருக்கிறோம். அம்மா ஏசக்கூட இல்லை. பேசாமல்தான் இருந்தார். நெருங்கியவர்களோடுதானே பேசாமல் இருப்போம்?

இனிச் சில்லறைக் காரியங்கள். பிறந்த திகதி அடையாள அட்டையிலும் சாதகத்திலும் வேறாக இருக்கும், அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது சகஜம். குடும்பம் எதைக் கொண்டாடியதோ அதைப் போடுங்கள். இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவை யார் எழுதினாலும், உயிர் பிரிந்த நேரத்தைச் சொல்லி, வாக்கியமா திருக்கணிதமா எந்தப் பஞ்சாங்கம் என்று ஐயரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். சில நாட்களில் இரண்டுக்கும் திதி மாறும். வருடா வருடம் திவசம் கொடுக்கிறது அந்தத் திதிக்குத்தான். பக்கங்கள் நாலின் மடங்கில் வரட்டும், 24 காணும். அண்ணாவும் தம்பியும் யூனிகோடில் அனுப்புவார்கள், அச்சகத்தில் பாமினி எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். அப்போது 'ஸ்ரீ' உடையும், மின்னஞ்சல் முகவரி ஏதோ மந்திரம் மாதிரித் தமிழில் வந்து நிற்கும். அந்த இடங்களைக் கட்டாயம் பாருங்கள். மருமக்கள் பெயர் ஒன்று விடுபட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை. ஒரு முறை அப்படி விட்டு, ஒரு குடும்பம் இரண்டு வருடம் பேசாமல் இருந்ததற்கு நான் காரணமாயிருந்தேன். பேரப்பிள்ளைகளின் பிறந்த திகதி, வீட்டு முகவரி எல்லாம் மலரில் தேவையில்லை.

86இல் அறை தர மறுத்த சொந்தக்காரரைப் பற்றி நீங்கள் கோபமாகச் சொன்னீர்கள். நியாயமான கோபம்தான். ஆனாலும் மலரில் வேண்டாம், அவருடைய பிள்ளைகளும் சாப்பாட்டுக்கு வருவார்கள். அந்த இடத்தை 83இல் இரண்டு இரவு உங்களைத் தன் வீட்டுப் பின்னறையில் வைத்துச் சோறு தந்த சிங்கள அம்மாவுக்குக் கொடுங்கள். அவர் பிள்ளைகள் இப்போதும் அதே ஒழுங்கையில் இருக்கிறார்கள் என்றால் போய்க் கேட்டு, பெயரோடு போடுங்கள். மலர் வந்ததும் ஒரு பிரதியும் கொண்டுபோய்க் கொடுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை, படம் இருக்கிறது.

எழுதி முடித்ததை வாட்ஸ்அப் குறூப்பில் போடாதீர்கள். ஒருவர் ஒரு சொல்லைப் பிடிப்பார், மற்றவர் அதற்குப் பதில் போடுவார், விடிய எழும்பிப் பார்த்தால் 80 மெசேஜ். ஒவ்வொருவராகக் கோல் எடுத்து, நீங்களே வாயால் வாசித்துக் காட்டுங்கள். முதலில் சின்னண்ணாவுக்கு. உடைந்த இடியப்பம் வருகிற இடத்தில் அவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள்.

கடைசியாக, நீங்கள் அனுப்பிய ஆறு பக்கங்கள். அவற்றைக் கணக்குக்காகத்தான் அனுப்பினீர்கள். எனக்குப் பிழை திருத்துகிற கண், பக்கத்தில் இருப்பதைவிட இல்லாதது முதலில் தெரியும். 1994 பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி இருக்கிறது. அதன் கீழ் ஒரு கோடு, பிறகு கடை, வீடு. 2007 பக்கங்கள் நாலு. முதல் பக்கத்திலும் சுழி உண்டு. பெரியண்ணா போன நாளின் பக்கத்திலும் உண்டு: சுழி, கோடு, கடை 110, வீடு 58. விடியவே எழுதியிருப்பார், பின்னேரம் நடக்கப் போவது தெரியாது. அடுத்த நாளின் பக்கம்: கோடு, கடை 110, வீடு 40. சுழி இல்லை. படத்தில் வெட்டுப்பட்டுவிட்டதோ என்று பெரிதாக்கிப் பார்த்தேன். தாளின் மேல் விளிம்பு முழுதாகத் தெரிகிறது. அதற்கு அடுத்ததிலும் இல்லை. 2008 பக்கத்தில் திரும்ப இருக்கிறது.

சாமியோடு பேச்சை நிறுத்திய அந்த விடியலிலும் 150 இடியப்பம் அவித்திருக்கிறார். கடைக்குக் கொடுக்க வேண்டிய 110இல் ஒன்றும் குறையவில்லை. வீட்டுக் கணக்கில்தான் 18 குறைந்திருக்கிறது. கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லை.

கொப்பியை எடுத்துப் புரட்டினால், சுழி எந்தத் திகதியில் திரும்பி வந்தது என்று தெரியும். அன்று என்ன நடந்தது என்று உங்களில் யாருக்காவது ஞாபகம் வந்தால் எழுதுங்கள். வராவிட்டால் திகதியை மட்டும் எழுதுங்கள்.

பெரியண்ணா போன நாளின் பக்கத்தையும் அடுத்த நாளின் பக்கத்தையும் மலரின் நடுப்பக்கத்தில் அருகருகே போடுங்கள். நடுவில் இரண்டு பக்கமும் ஒரே தாளில் வரும், இணைப்பில் விலகாது. கீழே விளக்கம் ஒன்றும் வேண்டாம், திகதி கொப்பியிலேயே இருக்கிறது. போனில் எடுத்த படம் அச்சுக்குக் காணாது, கொப்பியையே கொண்டுபோய் ஸ்கான் பண்ணச் சொல்லுங்கள். இரண்டாவது பக்கத்தின் ஓரத்தில் மாப் பிடித்த ஒரு பெருவிரல் அடையாளம் இருக்கிறது. கணினியில் வேலை செய்கிற பையன் கெட்டிக்காரன் என்றால், அன்ரி, இந்தக் கறையை எடுத்துவிடட்டுமா என்று கேட்பான். வேண்டாம் என்று சொல்லுங்கள்.